நீல நோட்டுப் புத்தகம்

1875ஆம் வருஷம் வசந்தகாலத்தில், ருஷ்ய தேசத்து ஸ்தாராயா ரூஸா என்னும் சிற்றூரில், இருபத்தெட்டு வயதுள்ள ஒரு குடும்ப ஸ்திரீ, தன் கணவர் ஜெர்மனியிலுள்ள எம்ஸ் நகரத்துக்குப் போய் அங்குள்ள ஊற்றுநீரை மருந்தாகக் குடித்துவருவதற்கு வேண்டிய பிரயாணச் சீட்டைப் பெறும்பொருட்டு, அவ்வூர்ப் போலீஸ் தலைவருடைய காரியாலயத்துக்குச் சென்றாள். தலைவர் மரியாதை தெரிந்த மனிதர். அம்மாள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, மேஜை இழுப்பறையைத் திறந்து, நீலக் காகித உறையிட்ட தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, யாதொரு சங்கோசமும் இல்லாமல் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். ஓய்வுபெற்ற ஸப்-லெப்டினென்ட் தஸ்தயேவ்ஸ்கி என்பவர் ரகசியக் கண்காணிப்பின் கீழ் இருப்பவர் என்றும், தற்காலிகமாக அவ்வூரில் வசிப்பவர் என்றும், அவரைப் பற்றிய தஸ்தாவேஜு அது என்றும் மேலுறையில் எழுதியிருந்தது.

அன்னா என்ற அந்த அம்மாள் சில பக்கங்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அப்படியானால் எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் தங்களுக்குத் தெரியுமோ என்று அவள் கேட்டதற்கு, எல்லாம் தெரியும் என்றும், இதுவரைக்கும் அவளுடைய கணவரின் நடத்தை தமக்கு மிகவும் திருப்தியாகவே இருந்துவருகிறதென்றும் போலீஸ் தலைவர் பெருந்தன்மையோடு பதில் சொன்னார். இந்தப் பாராட்டைக் கணவரிடம் தெரிவிக்கலாமா என்று அவள் கேட்க, தாராளமாகத் தெரிவிக்கலாம், இனிமேலும் தமக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டார் என்று நம்புவதாகவும் சொல்லலாம் என்றார். பிற்காலத்தில் அன்னா எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அவள் வீடு திரும்பி வேடிக்கையாக அதைச் சொன்னபோது, கேட்டவருக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ துர்ப்புத்திக்காரர்களைக் கண்ணுக்கு முன்னால் தப்பவிட்டவர்கள், சக்கரவர்த்தியிடத்திலும் தாய்நாட்டினிடத்திலும் பூரண விசுவாசம் வைத்திருக்கும் தம்மைச் சந்தேகித்துப் பின்தொடர்கிறார்களே என்று அவர் மனம் நொந்து போனார்.

நொந்தவர் 'குற்றமும் தண்டனையும்' எழுதியவர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அந்த நீல நோட்டுப் புத்தகம் எங்கிருந்து வந்தது, எப்படி முடிந்தது என்பதே நான் இங்கே சொல்லப் புகுந்த சரித்திரம்.

1825ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ராணுவ உத்தியோகஸ்தர்கள் சிலர் பீட்டர்ஸ்பர்க் நகரத்துச் சதுக்கத்தில் படைகளை நிறுத்திக் கலகம் செய்தார்கள். அன்றுதான் அரசாட்சியைக் கைக்கொண்ட முதலாம் நிக்கலாய் சக்கரவர்த்தி பீரங்கியால் அதை அடக்கினார் என்றாலும், தம்மைச் சுற்றியிருந்த பிரபு குலத்தார் பல வருஷங்களாகச் சதி செய்தும் தமக்கு ஒன்றும் தெரியாமற்போயிற்றே என்ற அச்சம் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அந்த அச்சத்துக்குப் பிறந்த பிள்ளைதான், 1826ஆம் வருஷம் ஜூலை 3ஆந் தேதி பெங்கன்டார்ப் என்ற ஜெனரலின் தலைமையில் ஸ்தாபிக்கப்பட்ட, சக்கரவர்த்தியின் சொந்தக் காரியாலயத்தைச் சேர்ந்த மூன்றாம் இலாகா. (இக்கட்டுரையில் வரும் தேதிகள் பழைய ருஷ்யப் பஞ்சாங்கப்படி, அதாவது நம்முடையதற்குப் பன்னிரண்டு நாள் பிந்தியவை.) தமக்கு என்ன கட்டளை என்று பெங்கன்டார்ப் கேட்டபோது, சக்கரவர்த்தி ஒரு கைக்குட்டையை எடுத்துக் கொடுத்து, இதனால் பிரஜைகளின் கண்ணீரை எவ்வளவுக்குத் துடைக்கிறாயோ அவ்வளவுக்கு உன் ஊழியம் செவ்வையானது என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, ஆரம்பத்தில் பதினாறு குமாஸ்தாக்களைக் கொண்ட அந்த இலாகா, வெளிர்நீலச் சட்டை அணிந்த ஜெண்டார்ம் படையையும் சேர்த்துக்கொண்டு, அந்நியர், மதபேதக்காரர், கள்ள நாணயக்காரர், நாடுகடத்தப்பட்டவர், நாடகம், புத்தகம் எல்லாவற்றின்மேலும் கண் வைத்தது. தபாலாபீஸ்களில், கறுப்பு அறை என்று ஜனங்கள் ரகசியமாகப் பெயரிட்டிருந்த இடத்தில், கடிதங்களின் உறை கலையாமல் பிரித்துப் படித்து, பிரித்த சுவடு தெரியாமல் ஒட்டி அனுப்பும் கைத்தொழில் வேறு வெகு நேர்த்தியாக நடந்துவந்தது. ஃபொன்தாங்கா நதிக்கரையில் சங்கிலிப் பாலத்துக்கு அருகே இருந்தது இலாகாவின் மாளிகை. அந்தப் பாலத்தின் பெயரைச் சொன்னாலே பீட்டர்ஸ்பர்க்வாசிகள் குரலைத் தாழ்த்துவார்கள்.

தஸ்தயேவ்ஸ்கி அந்த மாளிகைக்குள் பிரவேசித்தது 1849ஆம் வருஷம் ஏப்ரல் 23ஆந் தேதி விடியற்காலையில். பெத்ரஷேவ்ஸ்கி என்பவர் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடிப் புஸ்தகங்களைப் படித்து விவாதித்துவந்த இளைஞர் கூட்டத்தில் அவரும் ஒருவர். பெலின்ஸ்கி என்ற விமர்சகர் கொகோலுக்கு எழுதிய, அரசாங்கம் தடுத்திருந்த கடிதம் ஒன்றை அங்கே உரக்கப் படித்தார் என்பது அவர்மேல் வந்த பிரதான குற்றம். கேட்டவர்களுக்குள்ளே அந்தோனெல்லி என்ற ஒற்றனும் இருந்தான். கைதான இரவைப் பற்றித் தஸ்தயேவ்ஸ்கியே பின்னொரு நாள் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தவரை வெளிர்நீலச் சட்டை போட்ட ஒருவர் மிக மிருதுவான குரலில் எழுப்புகிறார். வந்தவர்கள் புஸ்தகங்களைக் கட்டுகிறார்கள். அவருடைய புகைக்குழலின் நீண்ட தண்டையே எடுத்து அடுப்புச் சாம்பலைக் கிளறுகிறார்கள். மேஜைமேல் வளைந்து நசுங்கிய பதினைந்து கொபெக் காசு ஒன்று கிடக்கிறது. போலீஸ் உத்தியோகஸ்தர் அதை உற்றுப் பார்த்து, உடன் வந்த அதிகாரிக்குத் தலையசைத்துக் காட்டுகிறார். கள்ளக் காசோ என்று தஸ்தயேவ்ஸ்கி கேட்க, அதை விசாரிக்க வேண்டியதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே காசையும் சாட்சிப் பொருள்களோடு சேர்த்துக்கொள்கிறார். கோட்டைச் சிறையில் எட்டு மாதம், டிசம்பர் 22ஆந் தேதி செம்யோனவ் சதுக்கத்தில் துப்பாக்கிகளுக்கு எதிரே நிறுத்திவைத்துக் கடைசி நிமிஷத்தில் உயிரைத் திருப்பிக் கொடுத்த நாடகம், ஓம்ஸ்க் நகரத்தில் விலங்கோடு நான்கு வருஷம், பிறகு சிப்பாய் வேலை ஆகியவற்றைத் தமிழ் வாசகர் பலரும் அறிவார்கள். அவற்றை விரித்துச் சொல்லப்போவதில்லை. என் மனத்தில் நிற்பது அந்த நசுங்கிய காசுதான். எதிலும் சந்தேகம் கொள்ளும் கண் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை என்பதற்கு அதைவிடச் சிறந்த அத்தாட்சி அந்த இலாகாவின் சரித்திரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

தண்டனைக்கு முடிவு உண்டு. அதன் பின்னால் வந்த கண்காணிப்புக்கு முடிவு குறிக்கப்படவில்லை. 1859ஆம் வருஷம் அவர் ஐரோப்பிய ருஷ்யாவுக்குத் திரும்ப அநுமதி கிடைத்தபோது, ரகசியக் கண்காணிப்பும் கூடவே வண்டியேறியது. முதலில் த்வேர் நகரம், வருஷக் கடைசியில் பீட்டர்ஸ்பர்க். கடன்காரர்களுக்குப் பயந்து 1867இல் மனைவியோடு வெளிநாடு சென்றவர் நான்கு வருஷத்துக்குமேல் ஜெர்மனியிலும் சுவிட்ஸர்லாந்திலும் இத்தாலியிலுமாக அலைந்துகொண்டிருக்க, தாய்நாட்டிலோ அவருடைய கடிதங்கள் பிரிக்கப்பட்டன. அது அவருக்கும் தெரிந்திருந்தது. ஜினீவாவிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஆத்திரத்தோடு அதைக் குறிப்பிட்டிருக்கிறார். கடிதத்தைப் பிரித்தவர்கள் அந்த வாக்கியத்தையும் படித்திருப்பார்கள் என்பது திண்ணம்.

1871ஆம் வருஷம் ஊர் திரும்ப ஏற்பாடு செய்தபோது, எல்லையில் காகிதங்களையெல்லாம் பறித்து வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. டிரெஸ்டனை விட்டுப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு மனைவியைக் கூப்பிட்டு, தடித்த கட்டுகள் சிலவற்றைக் கொடுத்து எரித்துவிடச் சொன்னார். 'அசடன்', 'நித்திய கணவன்' என்ற நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளும், 'பேய்கள்' நாவலின் முதல் வடிவத்தில் ஒரு பகுதியும் அன்று கணப்பில் சாம்பலாயின. குறிப்புப் புத்தகங்களையாவது விட்டுவைக்கலாம் என்று அன்னா மன்றாடி, பின்னால் வரவிருந்த தன் தாயாரிடம் ஒப்படைத்ததனால் அவை பிழைத்தன. எதிர்பார்த்தபடியே வெர்ஷ்பலோவா எல்லை ஸ்டேஷனில் அவர்களைத் தனியே நிறுத்தி, உத்தியோகஸ்தர்கள் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு புத்தகங்களையும் மிச்சமிருந்த காகிதக் கட்டையும் புரட்டினார்கள். மற்றப் பிரயாணிகள் போய்விட்டார்கள். ரெயில் புறப்படும் வேளை நெருங்கியது. அப்போது இரண்டு வயது நிரம்பாத குழந்தை லியூபா பசி தாங்காமல், ரொட்டி வேண்டும் என்று ஸ்டேஷன் அதிரும்படி வீறிட்டு அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த ஏகாதிபத்திய உத்தியோகஸ்தர்கள், அதற்குமேல் காது பொறுக்காமல், எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு ரொட்டிக்காக அழுத குழந்தை சாதித்ததை முன்னமே அறிந்திருந்தால், 'அசடன்' பிரதியை எரித்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு ஜாக்கிரதையாகக் கண்காணிக்கப்பட்ட மனிதரின் அன்றாட வாழ்க்கை எப்படியிருந்தது என்று பார்த்தால், எந்த ஒற்றனுக்கும் கொட்டாவி வரத்தக்க வாழ்க்கை அது. வீடு அடங்கிய பிறகே அவர் எழுத உட்காருவார். விளக்கு பிடிக்காது; இரண்டு மெழுகுவர்த்திகள் வேண்டும். மேஜைமேல் காகிதம், பேனா, சிகரெட்டுப் பெட்டி எல்லாம் ஒரு விரற்கடை நகராமல் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். கடுந்தேநீரைத் தம் கையாலேயே கலந்துகொண்டு, புகையிலையைத் தாமே காகிதத்தில் அடைத்து அடைத்துப் புகைத்துக்கொண்டு, விடியற்காலை நான்கு ஐந்து மணி வரைக்கும் எழுதிவிட்டுப் படுத்தால், எழுந்திருக்கும்போது காலை பதினொரு மணி. ஸ்நானத்தை வெகு சாங்கோபாங்கமாகச் செய்து, சலவை மடிப்புக் கலையாத சட்டை அணிந்து, தேநீர் குடித்து முடித்தபின், முந்தின இரவு எழுதியதை வைத்துக்கொண்டு மனைவிக்கு வாய்மொழியாகச் சொல்லுவார். அன்னா சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு நல்ல பிரதி எழுதுவாள். சாயங்காலம் உலாவல், திரும்புகையில் குழந்தைகளுக்குத் தின்பண்டம். பேரீச்சம்பழமும் உலர்ந்த திராட்சையும் அவருடைய புத்தக அலமாரியின் ஓர் அறையில் எப்போதும் இருக்கும். நடுநடுவே காக்காய்வலிப்பு வந்துவிட்டால், இரண்டு மூன்று நாள் தலை தெளியாமல், சாவு வீட்டிலிருப்பவர்போல் துக்கித்துக் கிடப்பார்.

அன்னா அவர் வாழ்க்கையில் வந்ததே சுருக்கெழுத்தின் பலத்தினால்தான். 1866ஆம் வருஷம் நவம்பர் 1ஆந் தேதிக்குள் புது நாவல் ஒன்றைக் கொடாவிட்டால், ஒன்பது வருஷ காலத்துக்கு அவர் எழுதும் எதையும் காசு கொடாமலே அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற கொடிய ஒப்பந்தத்தில் ஸ்தெலோவ்ஸ்கி என்ற பிரசுரகர்த்தர் அவரைச் சிக்கவைத்திருந்தார். அக்டோபர் 4ஆந் தேதி முதல் 29ஆந் தேதி வரைக்கும் அந்தப் பெண் எடுத்தெழுத, 'சூதாடி' நாவல் முடிந்தது. பிரதியை வாங்கிக்கொள்ளாமல் பிரசுரகர்த்தர் வெளியூர் போய்விடவே, நாவலைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் தேதி போட்ட ரசீது வாங்கி ஒப்பந்தத்திலிருந்து மீண்டார்கள். தஸ்தயேவ்ஸ்கியின் ஆயுளில் ருஷ்யப் போலீஸ் இலக்கியத்துக்குச் செய்த உபகாரம் என்று நான் அறிந்தது அந்த ஒரு ரசீதுதான்.

பிற்பாடு குடும்பக் கணக்கு வழக்கெல்லாம் அன்னாவின் கைக்கு வந்தது. 1873இல் 'பேய்கள்' நாவலைப் பிரசுரகர்த்தர் எவருக்கும் கொடாமல் அவளே 3,500 பிரதி அச்சிட்டு, விற்பனைக்கு வந்த முதல் நாள் காலையிலேயே 115 பிரதி ரொக்கத்துக்கு விற்றாள். ஆசிரியர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பெயர் பெற்ற ஆசிரியரின் மனைவி வாசலில் நின்று புத்தகம் விற்பதா என்று முகஞ்சுளித்தவர்களும் உண்டு. ஆனால் கடன் அடைபட்டது அந்த வாசலில்தான்.

மேலே சொன்ன நீல நோட்டுப் புத்தகத்தினால் இந்தத் தம்பதிகளுக்கு ஒரு மர்மம் விளங்கிற்று. ஸ்தாராயா ரூஸாவில் போட்ட கடிதங்கள் ஏன் எப்போதும் தாமதமாகவே போய்ச் சேருகின்றன என்று அவர்கள் வெகுநாள் குழம்பியிருந்தார்கள். எம்ஸ் நகரத்தில் தனியே இருக்கும்போதெல்லாம், வீட்டுக் கடிதம் வராத நாட்களில், குழந்தைகளுக்கு என்ன நேர்ந்ததோ என்று தஸ்தயேவ்ஸ்கி துடித்துப் போவார். கடிதங்கள் போலீஸ் தலைவரின் மேஜையில் தங்கி, அவருக்கு ஒழிந்தபோது புறப்பட்டிருக்கின்றன. அந்தப் போலீஸ் தலைவர் கெட்டவரல்லர் என்பதை நினைக்கும்போதுதான் விஷயத்தின் கொடுமை உறைக்கிறது. அவர் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஒரு புருஷன் மனைவிக்கு அந்தரங்கமாக எழுதிய கடிதங்களைச் சாவகாசமாகப் படித்துவிட்டு, நடத்தை திருப்திகரம் என்று குறித்துக்கொண்டார்.

கதையில் மிக விசித்திரமான சம்பவம் இனித்தான் வருகிறது. நோட்டுப் புத்தகத்தை அன்னா பார்த்த அதே 1875ஆம் வருஷம், ஜூலை மாதத்தில், தஸ்தயேவ்ஸ்கியின்மேல் இருந்த ரகசியக் கண்காணிப்பை நீக்கி மூன்றாம் இலாகா உத்தரவு போட்டது. ஆனால் கண்காணிப்பு ரகசியமானது அல்லவா? ஆகையால் அதை நீக்கிய உத்தரவும் ரகசியமாகவே இருந்தது. சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. 1880ஆம் வருஷத்தில்தான் அவருக்கு அது தெரிந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷமும் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் மூன்றாவது ஆள் ஒருவன் படிக்கிறான் என்ற நினைப்போடுதான் அவர் எழுதியிருக்க வேண்டும். அந்த ஐந்து வருஷத்துக்குள்ளேதான் சக்கரவர்த்தியின் இளைய குமாரர்களோடு அமர்ந்து உண்டு அவர்களுக்கு நல்வார்த்தை சொல்லும்படி அரண்மனையிலிருந்து அவருக்கு அழைப்பு வந்ததும்! விலங்கு பூட்டுகிறவன் சத்தம் கேட்கும்படி பூட்டினால், கழற்றும்போதும் சத்தம் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத விலங்கைக் கழற்றிவிட்டேன் என்று கழற்றியவன் வாய் திறந்து சொல்லாவிட்டால், அது காலில்தான் இருக்கிறது. மூன்றாம் இலாகாவைப் பற்றி ருஷ்ய சரித்திரக்காரர்கள் சொன்ன குற்றங்களுள் கொலையும் கொடுமையும் நிரம்ப உண்டு; என்னைக் கேட்டால், இந்த அசட்டையை அவற்றுக்கு முன்னே வைப்பேன்.

1880ஆம் வருஷம் பிறந்தபோது அவர் 'கரமாஸவ் சகோதரர்கள்' நாவலை 'ருஸ்கி வெஸ்த்னிக்' பத்திரிகைக்கு, பாரம் ஒன்றுக்கு முந்நூறு ரூபிள் வீதம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். குடியிருப்பு பீட்டர்ஸ்பர்க் குஸ்னேச்னி சந்தில் 5ஆம் எண் வீட்டில் 10ஆம் பகுதி. நாவலின் ஊர் மட்டும் ஸ்தாராயா ரூஸா. பெயரை மாற்றி, தெருவையும் ஆற்றங்கரையையும் மாற்றாமல் வைத்திருந்தார். தந்தை கொலையுண்ட இரவில் விசாரணைக்கு வருகிற போலீஸ் தலைவர் ஒருவரும் அந்த நாவலில் உண்டு. நல்ல சுபாவமும் கொஞ்சம் மந்த புத்தியும் உள்ளவராகவே அவரைச் சித்திரித்திருக்கிறார். பழி வாங்கும் எண்ணம் அதில் துளியும் இல்லை.

பிப்ரவரி 5ஆந் தேதி மாலையில், கல்தூரின் என்ற தச்சுத் தொழிலாளி ரகசியமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த வெடிமருந்து, சக்கரவர்த்தியின் குளிர்கால அரண்மனையிலேயே வெடித்துப் பதினொரு சிப்பாய்கள் மாண்டார்கள். அரண்மனைக்குள் தச்சன் குடியிருந்து வெடிமருந்து சேர்த்தது மூன்றாம் இலாகாவுக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள், துருக்கி யுத்தத்தில் கார்ஸ் கோட்டையைப் பிடித்துப் புகழ்பெற்ற லோரிஸ்-மெலிகவ் என்ற ஆர்மீனிய ஜெனரலுக்குச் சகல அதிகாரங்களும் கொடுத்து ஒரு தலைமைக் கமிஷன் ஏற்பட்டது. அவர்மேலும் பிப்ரவரி 20ஆந் தேதி ஓர் இளைஞன் துப்பாக்கியால் சுட்டான், குறி தவறியது.

அதே 20ஆந் தேதி, செய்தி இன்னும் பரவாத வேளையில், சுவோரின் என்ற பத்திரிகாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியைப் பார்க்க வந்தார். வலிப்பு வந்து அப்போதுதான் தெளிந்திருந்தவர், ஸ்நான அறையிலிருந்து வெளிவந்தவர்போல் முகமெல்லாம் வேர்த்துச் சிவந்து, சிறு மேஜையருகே உட்கார்ந்து சிகரெட்டுக்குப் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார். பேச்சு அரசியல் கொலைகளின்மேல் திரும்பியது. நாம் இருவரும் கடைவீதியில் படக்கடை ஜன்னலருகே நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒருவன் ஓடிவந்து மற்றொருவனிடம், இன்னும் சிறிது நேரத்தில் அரண்மனை வெடிக்கும், யந்திரத்தை முடுக்கிவிட்டேன் என்று சொல்வது நம் காதில் விழுகிறது. நாம் போய்ப் போலீஸில் சொல்வோமா என்று கேட்டார். தாம் போகமாட்டேன் என்றார் சுவோரின். நானும் போகமாட்டேன் என்றார் தஸ்தயேவ்ஸ்கி. பிறகு அவரே அது ஏன் என்று தம்மைத் தாமே குடைந்துகொண்டார். போய்ச் சொல்வதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. சொல்லாமலிருப்பதற்கு இருக்கும் காரணங்களோ அற்பமானவை. ஆயினும் ஒற்றன் என்ற பெயர் வந்துவிடும் என்ற ஒன்றே நம்மை நிறுத்திவிடும் என்றார். ஐம்பது வருஷ காலம் மூன்றாம் இலாகா ஜனங்களை ஒற்றறிந்ததன் பலன் அந்தச் சிறு மேஜையருகே தெளிந்து நின்றது. அரசனுடைய உயிரைக் காக்க வேண்டிய தருணத்திலும், அரசனிடம் ஆழ்ந்த பக்தியுள்ள குடிமகனே போலீஸின் படியேறக் கூசுகிறான்.

அன்றைய சம்பாஷணையில்தான் அடுத்த நாவலின் யோசனையையும் அவர் வெளியிட்டார். 'கரமாஸவ்' கதைக்குத் தொடர்ச்சி ஒன்று எழுதுவார். அதன் நாயகன், சாந்தமே உருவான அந்த இளைய சகோதரன் அல்யோஷா. மடத்திலிருந்து வெளியேறிச் சத்தியத்தைத் தேடிப் புரட்சிக்காரனாவான், ராஜாங்கக் குற்றம் செய்வான், மரணதண்டனை பெறுவான். இப்படி ஒரு கதை மனத்தில் இருப்பதை எந்த நோட்டுப் புத்தகத்திலும் எவரும் குறித்துவைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, சுட்ட இளைஞனைச் செம்யோனவ் சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள். முப்பது வருஷத்துக்குமுன் தாம் சாகும் சட்டை அணிந்து நின்ற அதே சதுக்கத்தில், கூட்டத்தோடு கூட்டமாய்த் தஸ்தயேவ்ஸ்கி நின்று அதைப் பார்த்தார்.

லோரிஸ்-மெலிகவை நரிவாலும் ஓநாய்வாயும் உடையவர் என்று எதிரிகள் ஏசினார்கள். ஆனால் அவருக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. ஜனங்கள் அருவருக்கும் காவலால் ஒருவரையும் காக்க முடியாது. 1880ஆம் வருஷம் ஆகஸ்டு 6ஆந் தேதி, ஐம்பத்து நான்கு வருஷம் வாழ்ந்த மூன்றாம் இலாகா ஒழிக்கப்பட்டது. அதன் வேலைகளெல்லாம் உள்நாட்டு மந்திரியின் கீழ்ப் புதிதாக ஏற்பட்ட போலீஸ் இலாகாவுக்கு மாறின. மந்திரி பதவி அவருக்கே வந்தது. சக்கரவர்த்தியின் அந்தரங்கக் காரியாலயமாக இருந்தது பொது நிர்வாகத்தின் ஓர் அங்கமாயிற்று என்பது சிறு மாறுதலன்று. ஆனால் குமாஸ்தாக்கள் மாறவில்லை, கட்டிடமும் மாறவில்லை, ஃபொன்தாங்கா 16ஆம் எண் மாளிகையிலேயே புதிய இலாகா குடியேறியது. தபாலாபீஸ் அறையில் கடிதம் பிரிக்கும் வேலையும் நிற்கவில்லை. அந்தக் குமாஸ்தாக்களுள் மணிமணியான கையெழுத்துள்ளவர் என்று மேலதிகாரிகள் மெச்சிய கிலேத்தச்னிகவ் என்பவர், தாம் நகலெடுத்த ஒற்றர்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்துபோய் மாலை வேளைகளில் புரட்சிக்காரர்களிடம் ஒப்பித்துவந்தார் என்பது, பழைய இலாகாவுக்கும் புதிய இலாகாவுக்கும் ஒருங்கே பொருந்தும் செய்தி.

இந்தச் சீர்திருத்தத்தின் ஆயுளை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன்; நாவலாசிரியர் அதன் முடிவைப் பார்க்க இருக்கவில்லை. 1881ஆம் வருஷம் மார்ச் 1ஆந் தேதி காலையில், பிரதிநிதிகளைச் சட்ட ஆலோசனைக்கு அழைக்கும் லோரிஸ்-மெலிகவின் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்த இரண்டாம் அலெக்சாந்தர், அன்று பிற்பகலிலேயே வெடிகுண்டுக்கு இரையானார். சில வாரங்களில் லோரிஸ்-மெலிகவ் பதவி விலகினார். ஆகஸ்டு மாதத்தில் விசேஷப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1882இல் போலீஸ் கண்காணிப்புக்கென்று விதிகள் வகுக்கப்பட்டன. வெளிப்படையான கண்காணிப்பில் வைக்கப்பட்டவன் எந்த ஊரில் இருக்க வேண்டும், எந்தத் தொழில் செய்யலாகாது, அவன் கடிதங்களை யார் பார்க்கலாம் என்பதெல்லாம் அச்சிட்ட விதியாயின. கண்காணிப்பு ஒழியவில்லை, ஒழுங்காயிற்று.

1880ஆம் வருஷக் கடைசியில் குஸ்னேச்னி சந்து வீட்டின் 11ஆம் பகுதிக்கு, அதாவது தஸ்தயேவ்ஸ்கியின் சுவருக்கு மறுபுறத்தில், ஓர் இளைஞன் பொய்ப் பெயரோடு குடிவந்தான். பரன்னிகவ் என்பது அவன் மெய்ப் பெயர். 1878ஆம் வருஷம் மூன்றாம் இலாகாவின் தலைவரான மெஸன்த்ஸவ் நடுத்தெருவில் குத்திக் கொல்லப்பட்டபோது, குத்தியவனுக்குத் துணை நின்றவன் அவன். சக்கரவர்த்தியைக் கொல்லும் ஏற்பாட்டிலும் சேர்ந்தவன். சுவருக்கு இந்தப் புறத்தில் இருந்தவரைப் பதினைந்து வருஷத்துக்குமேல் கடிதம் கடிதமாகப் பின்தொடர்ந்த அரசாங்கத்துக்கு, அந்தப் புறத்தில் இருந்தவன் யாரென்று தெரிய நாளாயிற்று. ஜனவரி 25ஆந் தேதி வேறோரிடத்தில் அவனைப் பிடித்தார்கள். இரவோடிரவாக அவன் அறையைச் சோதித்து, வருகிறவர்களைப் பிடிக்க அங்கேயே போலீஸாரை மறைத்துவைத்தார்கள். அந்த இரவில்தான் தஸ்தயேவ்ஸ்கியின் வாயிலிருந்து முதன்முதலாக இரத்தம் வந்தது. கீழே விழுந்த பேனாக் கட்டை அலமாரிக்கடியில் உருண்டுபோக, அதை எடுக்கக் கனத்த அலமாரியை நகர்த்தினார் என்றும், அந்தச் சிரமத்தால் நுரையீரல் நாளம் அறுந்தது என்றும் அன்னா எழுதுகிறாள். மறுநாள் சகோதரியோடு சொத்து விஷயமாக நடந்த வாக்குவாதத்தைக் காரணம் சொல்வாரும் உண்டு. சுவருக்கு அப்பால் நடந்த சோதனையின் அரவம் அவர் காதில் விழுந்திருக்குமோ என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் ஆலோசித்திருக்கிறார்கள். அதை நிரூபிக்க வழியில்லை.

26ஆந் தேதி அவர் அனுப்பிய கடிதம், 'கரமாஸவ்' வகையில் பத்திரிகை தமக்குத் தரவேண்டிய பாக்கி நாலாயிரத்துச் சொச்சம் ரூபிளை அனுப்பும்படி கேட்கும் கடிதம். 28ஆந் தேதி இரவு எட்டரை மணிக்குமேல் உயிர் பிரிந்தது. கையெழுத்து அழகுக் குமாஸ்தா கிலேத்தச்னிகவ் போலீஸ் விரித்த வலையில் தானே போய் விழுந்ததும் அதே 28ஆந் தேதிதான்.

பிரேதம் வீட்டில் இருக்கும்போது, உள்நாட்டு மந்திரியும் அதனால் ருஷ்யப் போலீஸ் முழுமைக்கும் தலைவருமான லோரிஸ்-மெலிகவ் அனுப்பியதாக ஓர் உத்தியோகஸ்தர் வந்து, அடக்கச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் என்று சொல்லிப் பணத்தை நீட்டினார். தன் கணவரை அவர் எழுதிச் சம்பாதித்த பணத்திலேயே அடக்கம் செய்வது தன் கடமை என்று சொல்லி, அன்னா அதை வாங்க மறுத்துவிட்டாள்.